என் சொகுசு ஜீப்பும் ராத்திரி 2 மணி ஃபோனும்

1/ சொகுசு ஆஃப்-ரோடு வண்டி வாங்கலாமான்னு போன வாரம் மூணு பேர் இன்பாக்ஸ்ல கேட்டாங்க. மூணு பேரும் டாக்டருங்கதான். நாலு வருஷம் வச்சு ஓட்டினவன்ங்கிற முறையில என் கருத்து இந்த இழையில. கம்பெனி பேர் மட்டும் கேக்காதீங்க.

2/ அரசு டாக்டர் சம்பளத்துல புதுசு வாங்க முடியாது. ஏழு வருஷப் பழசை ரெண்டாவது ஓனரா வாங்கினேன். பந்தாவுக்கு மட்டும் இல்ல (கொஞ்சம் அதுவும்தான்). வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல 11 கிலோமீட்டர், வழியில ஒரு தரைப்பாலம். ஐப்பசி மழைன்னா அதுல தண்ணி ஏறிடும்.

3/ ஓடுற வரைக்கும் வண்டியைக் குறை சொல்ல முடியாது. பள்ளம் மேடு எதுவுமே தெரியாது. காரணம் ஏர் சஸ்பென்ஷன். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் காற்றுப்பை. ஒரு கம்ப்ரசர் காற்றை நிரப்பும், சக்கரத்துக்கு ஒரு சென்சார் உயரத்தை அளக்கும், ஒரு கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மேய்க்கும்.

4/ ரப்பருக்கு வயசாகும், வெடிப்பு விடும், காற்று லேசா கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரசர் கூடுதலா ஓடும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஒருநாள் கம்ப்ரசரே சூடேறிச் செத்துப்போகும். வால்வு கசியுற இதயம் பல வருஷம் சமாளிச்சுட்டு அப்புறம் ஃபெயிலியர்ல வந்து நிக்கிற மாதிரியேதான்.

5/ எனக்கும் அறிகுறி இருந்துச்சு. காலையில பார்த்தா முன்பக்க இடது மூலை தாழ்ந்து நிக்கும். ஸ்டார்ட் பண்ணினா ஒரு நிமிஷத்துல ஏறிடும். "அதான் சரியாயிடுதே"ன்னு விட்டுட்டேன். இதே வார்த்தையைச் சொல்ற நோயாளிகளை ஓபியில தினமும் திட்டுறவன் நான்.

6/ போன வருஷம் ஒரு ராத்திரி 2 மணி. பிரசவம் முடிஞ்ச அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கல, இன்னொரு கை வேணும்னு டூட்டி டாக்டர் ஃபோன். ஓடிப்போய்ப் பார்த்தா வண்டி மூலை டயர் மேலயே உக்காந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினேன், ஏறல. 200 மீட்டர் ஓட்டினதுக்கே ரப்பர் தீயுற வாசனை.

7/ எதிர்வீட்டு பால் வண்டி அண்ணனை எழுப்பினேன். "ஏறுங்க சார்"னு ஒரே வார்த்தை. இலை ஸ்பிரிங் போட்ட பழைய வண்டி, குலுக்கின குலுக்குல முதுகு கழண்டுச்சு, ஆனா போய்ச் சேர்ந்துச்சு. தரைப்பாலத்துல அன்னைக்குத் தண்ணியே இல்ல. நான் 25 நிமிஷம் லேட்.

8/ அதுக்குள்ள மருந்துகள் எல்லாம் கொடுத்தும் கர்ப்பப்பை சுருங்காம, கத்தீட்டர் முனையில ஆணுறையைக் கட்டி உள்ளே வச்சு சலைன் நிரப்பியிருந்தாங்க. உள்ளே இருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துற முறை. வங்கதேச டாக்டர் சயீபா அக்தர் 2003-ல வெளியிட்டது. எந்த வார்டுலயும் கையில கிடைக்கிற பொருள்தான். ரத்தம் நின்னுது. அந்த அம்மா நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. என் வண்டியால இல்ல.

9/ என் வண்டி மறுநாள் லாரியில ஏறி 190 கிலோமீட்டர் போச்சு. உதிரி பாகம் வர அஞ்சு வாரம். பில் என் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல. அதுவும் ஒரு காற்றுப்பைக்கும் கம்ப்ரசருக்கும் மட்டும்.

10/ என் கருத்து: எங்கெல்லாம் ஏறும்ங்கிறது வண்டியோட திறன். கூப்பிட்டா வருமாங்கிறது நம்பகம். விளம்பரம் முதலாவதைத்தான் காட்டும். நாம ரெண்டாவதும் சேர்ந்தே வரும்னு நினைச்சுக் காசு கொடுக்கிறோம்.

11/ ஆஃப்-ரோடு வண்டியே மோசம்னு சொல்லல. 2021-ல தடுப்பூசி கொண்டுபோக உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி கொடுத்த முதல் குளிர்பதன வண்டி டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 78. 1984-ல வந்த 70 சீரிஸ் குடும்பம். சொகுசு கிடையாது. இரும்பு ஸ்பிரிங், சாதா மெக்கானிக்கும் கை வைக்கலாம்.

12/ வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. வாரன்டி முடிஞ்சப்புறம் முதல்ல போறது எது? அதை என் ஊர்ல யார் சரி பண்ணுவாங்க? அதுவரைக்கும் நான் எதுல போவேன்? மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா வாங்குங்க. ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கும்போதும் இதையே கேக்கணும்.

13/ வண்டியை வித்துட்டேன். வாங்கினவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் வித்தேன். இப்ப ஒரு சாதா ஹேட்ச்பேக். தரைப்பாலத்துல தண்ணி வந்த ரெண்டு ராத்திரியும் ஆஸ்பத்திரி ரூம்லயே படுத்துக்கிட்டேன். இந்த யோசனை நாலு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்.