முடி உதிராத நாயும் நம் வீட்டுத் தொழுகைப் பாயும்



சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைப்புக்காக வாழும் நம் பிள்ளைகள் வழியாக, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பகுதி வீடுகளுக்குள்ளும் இப்போது ஒரு பெயர் நுழைந்திருக்கிறது: பூடில். “ஹஜ்ரத், இது தெருநாய் போன்றதன்று. முடி உதிராது, வாடை இராது, மடிக்குள் அடங்கிவிடும். இதையாவது வளர்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மார்க்கத்தை அலட்சியம் செய்பவர்கள் அல்லர்; அலட்சியம் செய்பவர்கள் கேட்கவே மாட்டார்கள். ஆகவே ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்களைத் திருப்பி அனுப்புவது நியாயமாகாது.

முதலில் அந்த நாயை அறிந்துகொள்வோம். பிரான்ஸ் நாட்டின் அடையாளமாகக் கருதப்பட்டாலும், பூடிலின் பூர்விகம் ஜெர்மனி என்றே பெரும்பாலோர் கூறுவர். நீரில் துழாவுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது. வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய வாத்தை ஏரியில் நீந்திச் சென்று கவ்விவருவதே அதன் தொழில். இன்று நாம் அலங்காரம் என எண்ணும் அந்த விநோதமான முடிவெட்டுக்கூடத் தொழில் சார்ந்ததுதான். நீந்த எளிதாக உடல் முடியை மழித்து, குளிர் தாக்காதிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஐரோப்பிய அமைப்புகள் பூடிலை உயரத்தைக் கொண்டு நான்காகப் பிரிக்கின்றன. 45 சென்டிமீட்டருக்கு மேல் 60 வரை உள்ளது ஸ்டாண்டர்ட். 35 முதல் 45 வரை மீடியம். 28 முதல் 35 வரை மினியேச்சர். அதற்கும் கீழே டாய். அமெரிக்கர்கள் மீடியத்தை விட்டு மூன்றாகவே கொள்வர். ‘டீகப்’ என்று சொல்லி விற்கப்படுவது எந்த முக்கிய அமைப்பும் ஏற்காத வணிகப் பெயர். இவை யாவும் ஓரினமே, வேறுபாடு அளவில்தான். பெரியது வேட்டைக்கு உழைத்தது. சிறியவை பெரும்பாலும் மடிக்கும் மாளிகைக்குமாகக் குறுக்கி வளர்க்கப்பட்டவை.

நம் மார்க்கம் கேட்கும் கேள்வியும் இவ்விடத்தில்தான் வந்து நிற்கிறது. நாயின் உயரத்தையோ முடியையோ ஷரீஅத் கேட்கவில்லை. அதன் வேலை என்ன என்று கேட்கிறது. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கன்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று ஓர் அறிவிப்பிலும், இரண்டு கீராத் என்று மற்றோர் அறிவிப்பிலும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பயிற்றுவித்த வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் ஆகுமாக்குகிறது. எனவே வாத்து வேட்டைக்காரரின் ஸ்டாண்டர்ட் பூடிலுக்கு இடமுண்டு. அதே நாய் வேட்டையறியாத ஒருவரின் கூடத்துச் சோஃபாவில் படுத்திருந்தால், இனப் பெயர் மட்டும் அவருக்கு அனுமதியாகிவிடாது.

‘முடி உதிராது’ என்ற வாதத்துக்கு வருவோம். பூடிலின் உதிர்ந்த முடி சுருள்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் தரையில் குறைவாகவே விழும் என்பது உண்மை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதமோ உமிழ்நீரிலும் தோல் செதில்களிலும் இருக்கிறது. ஒவ்வாமையே தராத நாய் என்று ஒன்றில்லை. இக்கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி ஈர நிலையில் நாயைத் தொட்டால் அவ்விடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இரண்டும் உலர்ந்திருந்தால் அசுத்தம் ஒட்டாது. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், நீரைக் கண்டால் குதித்து, வந்தவர் கையையெல்லாம் நக்கி மகிழும் பிராணியை, ஐவேளையும் பாய் விரிக்கும் முதியவர்கள் உள்ள வீட்டில் வைத்துவிட்டு ‘உலர்ந்தே இருக்கும்’ என்பது கணக்குக்கு ஒத்துவராது. கழுவும் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழும் என்பதை வாங்க ஆசைப்படும் இளைஞர் எண்ணுவதேயில்லை.

முடி உதிராத நாய் மீதான ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1989இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்த வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்ணொருவருக்காக லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடிலையும் கலந்தார். அப்பெண்ணின் கணவருக்கு நாய்முடி ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றே அவருக்கு ஒத்துக்கொண்டது. அது தேவைக்காகச் செய்த காரியம். பின்னர் ‘லாப்ரடூடில்’ என்ற பெயர் உலகெங்கும் பரவி, நோயுள்ள நாய்களையும் கலந்து விற்கும் வணிகமாயிற்று. அதைத் தொடங்கிவைத்ததற்காக 2019இல் கான்ரனே வெளிப்படையாக வருந்தினார். தேவை ஆசையாகவும், ஆசை வணிகமாகவும் மாறும்போது துன்பப்படுவது வாயில்லா ஜீவன்தான். நாயின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை இத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் விற்பனையே செல்லாது. ஹனஃபி மத்ஹபினர் அனுமதிக்கின்றனர்.

நம் ஊரின் காற்றையும் எண்ணிப் பாருங்கள். உப்பளம் சூழ்ந்த புழுக்கத்தில் அந்தச் சுருள்முடி நாள்தோறும் சீவாவிட்டால் சடைபிடித்துத் தோல் புண்ணாகும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் வைக்கும். டாய் வகைக்கு முழங்காற் சில்லு நழுவும் குறையும் உண்டு. தோப்புக்கோ உப்பளத்துக்கோ மெய்யாகவே காவல் தேவைப்படுவோர் இந்த வெயிலுக்குப் பழகிய நாட்டு நாயையோ சிப்பிப்பாறையையோ வாசலுக்கு வெளியே கொட்டகை போட்டு வைத்துக்கொள்ளட்டும். குகைத் தோழர்களின் நாயும் வாசலில்தான் கால் நீட்டிக் கிடந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அதைப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வருவது பெரும் பாவம். தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டவள் தண்டிக்கப்பட்டாள். இரண்டும் நம் ஹதீஸ் நூல்களில் உள்ளவையே. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். வளர்க்க மனமும் வசதியும் உள்ள, நம்பத்தக்க ஒருவரைத் தேடி விலை பேசாமல் ஒப்படையுங்கள். அதுவரை தனியிடமும் தனிப் பாத்திரமும் கொடுத்து, முடியைச் சீவி, வேளைக்கு உணவிடுங்கள். ஒப்படைக்கும்போது தடுப்பூசி அட்டையையும் அது பழகிய உணவின் விவரத்தையும் சேர்த்தே கொடுங்கள். மனிதரோடு ஒட்டிப் பழகும் பிராணி, புது வீட்டில் முதல் சில நாள்கள் உண்ண மறுக்கக்கூடும்.