தற்காலிகமா ஒரு ரூல்

மயிலாப்பூர்ல இன்னமும் எட்வர்ட் எலியட்ஸ் ரோடுன்னு சொல்ற தாத்தாக்கள் இருக்காங்க. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைன்னு பேர் மாறி எத்தனையோ வருஷமாச்சு. ஆட்டோக்காரர் சிரிச்சுக்கிட்டே சரியான இடத்துல இறக்கி விட்டுடுவார். நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு ஆட்டோக்காரரை நம்பியே ஒரு ஆபீஸ் ஓடினா?

நான் ஆணி பிடுங்கற அடையாறு ஆபீஸ்ல அப்படித்தான் ஓடுச்சு. பழைய சர்வருக்கு ஓய்வு கொடுத்தாங்க. அதோட ஐபியைக் கண்ட கண்ட ஸ்கிரிப்ட்ல எல்லாம் நேரடியா எழுதி வெச்சிருந்ததால, அதே பெட்டியில ஐபிடேபிள்ஸ்ல ஒரு டீநாட் ரூல். வர்றதை எல்லாம் புது சர்வருக்குத் தள்ளிடு. "ரெண்டு வாரத்துக்கு மட்டும்"னு சொன்னாங்களாம்.

மூணு வருஷம் ஆச்சு. ஒரு சனிக்கிழமை யூபிஎஸ் உயிரை விட்டது, பெட்டி ரீபூட் ஆச்சு. ரூலை யாரும் சேவ் பண்ணலை. போட்டவர் எப்பவோ வேலையை விட்டுப் போயாச்சு. பாண்டி பஜார்ல ஒரு கையில் புடவைப் பை, இன்னொரு கையில் போன்னு நின்னுக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே, அவ்வ்வ்!

"ரூல் போட்டாச்சு, மைக்ரேஷன் முடிஞ்சது"ன்னு மெயில் அனுப்பற அண்ணன்களே, என்ன முடிஞ்சது? ஓய்வு கொடுத்த பெட்டிதான் இன்னும் மொத்த டிராஃபிக்கையும் சுமக்குது. பதில் பாக்கெட் அதே வழியா திரும்பணும்னு மாஸ்கரேடும் சேர்த்துப் போடறீங்க. அப்புறம் புது சர்வர் லாக்ல எல்லாரும் பழைய பெட்டியோட ஐபியிலதான் தெரிவாங்க. இன்னும் யார் பழைய முகவரிக்கு வர்றாங்கன்னே தெரியாது. ரெண்டும் ஒரே சப்நெட்னா பழைய ஐபியைப் புது சர்வருக்கே ரெண்டாவது முகவரியா கொடுத்திருக்கலாம். அதுக்கும் சோம்பல்.

பழைய முகவரி தானா சாகாது சாமி. இணையத்தோட ரூட் சர்வர்கள்ல ஜே-ரூட் 2002 நவம்பர்ல முகவரி மாறினது. 2015லயும் பழைய முகவரிக்குக் கேள்விகள் வந்துக்கிட்டிருந்தது. அதுக்காக அப்படியே விட்டுட்டுப் போகவும் முடியாது. எல்-ரூட் 2007ல மாறினப்ப, ஐகேனுக்குச் சம்பந்தமில்லாத சிலர் அந்தப் பழைய முகவரியில உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பி-ரூட் காரங்க உஷார். 2023 நவம்பர் 27ல மாத்தும்போதே, பழசு குறைஞ்சது ஒரு வருஷம் ஓடும்னு தேதியோட சொல்லிட்டாங்க. உலகத்துக்கே பதில் சொல்றவங்க தேதி போடறாங்க, நம்மாளுக்குத்தான் "தற்காலிகம்".

இந்தத் தடவை டீநாட்டுக்கு மேல ஒரு லாக் ரூல் போட்டேன். நாட் டேபிளுக்கு ஒவ்வொரு இணைப்போட முதல் பாக்கெட் மட்டும்தான் வரும், அதனால டிஸ்க் ரொம்பிடும்னு பயமில்லை. ரூலை எடுக்கப் போற தேதியையும் எல்லாருக்கும் மெயில்ல சொல்லியாச்சு. முதல் ராத்திரியே மாட்டினது வாசல்ல இருக்கற அட்டெண்டன்ஸ் மெஷின். அதுல ஐபி மாத்தற பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு இப்ப தேடிக்கிட்டிருக்கோம்.