ஆட்டத்தை நிறுத்துகிறவர்கள்



சேரிக்காரன் வடம் தொட வந்தால் தேர் ஓடாது. சேரிக்காரன் உள்ளே வந்தால் கோயில் திறக்காது. 'உனக்கு மட்டும் இல்லை' என்று சொன்னால் சட்டம் கேட்கும். அதனால் 'யாருக்குமே இல்லை' என்று பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போக நம் மக்கள் உரிமை கேட்டார்கள். 2023 ஜூனில் அரசு அதிகாரிகளே வந்து சீல் வைத்தார்கள். பங்கு கேட்டால் பந்தியையே கலைப்பது நமக்குப் பழகிப்போன தந்திரம்.

இதே தந்திரம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு 'ப்ராம்' என்று ஒரு நடன விழா. சோடி சோடியாக வந்து ஆடுவார்கள். மிசிசிப்பி மாநிலம் சார்ல்ஸ்டன் ஊர்ப் பள்ளியில் 1970லேயே கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் படிக்கத் தொடங்கியாயிற்று. ஒரே பெஞ்சு, ஒரே மைதானம். ஆனால் 2008 வரை வெள்ளைக்கு ஒரு ப்ராம், கறுப்புக்கு ஒரு ப்ராம். செலவை நான் ஏற்கிறேன் என்று நடிகர் மோர்கன் ஃப்ரீமன் முன்வந்த பிறகுதான் முதல் பொது நடனம் நடந்தது. அப்போதும் சில வெள்ளைப் பெற்றோர் தனியாக ஒன்று நடத்திக்கொண்டார்கள். பால் சால்ட்ஸ்மன் இதை ஆவணப்படமாக எடுத்தார்.

இரண்டே வருஷம் கழித்து, 2010இல், அதே மாநிலத்தின் இட்டவாம்பா பகுதிப் பள்ளியில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி, என் சோடியாக என் காதலியை அழைத்து வருகிறேன், கோட்டு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கேட்டாள். நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்தது. அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு அவளை ஓரிடத்துக்கு விழா என்று அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் பேர்தான். மற்ற பிள்ளைகளெல்லாம் பெற்றோர் ஏற்பாட்டில் வேறொரு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நிறத்துக்கு ஒரு பூட்டு, காதலுக்கு ஒரு பூட்டு, சாவி ஒன்றுதான். ஏன் ஆட்டத்தைக் கண்டு இவ்வளவு பயம்? ஆட்டத்தில் கை கையைப் பிடிக்கிறது. யார் யாரோடு சோடி சேரலாம் என்பதுதான் ஆதிக்கத்தின் மூலச் சட்டம். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் நிறுவிவிட்டார். சோடியைக் காவல் காக்காமல் சாதி ஒரு தலைமுறை தாண்டாது. ஆம்பள இப்படித்தான் நிக்கணும், பொம்பள இப்படித்தான் நடக்கணும் என்பதும் அந்தச் சட்டப் புத்தகத்தின் அடுத்த பக்கம்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஆண்டு விழா நடக்காத பள்ளிக்கூடம் இல்லை. சினிமாப் பாட்டைப் போட்டதும் ஒரு பையன் உடம்பு நெளிந்து, மனசு நிறைந்து ஆடுகிறான். "என்னாடா, பொட்ட மாரி இடுப்ப வெட்டுற" என்று கீழேயிருந்து குரல். வாத்தியாரும் சிரிக்கிறார். மறுநாளிலிருந்து அவன் பேர் 'ஒம்போது'. கழிப்பறைக்குப் போகவே பயப்படுகிறான். அடுத்த வருஷம் மேடையில் அவன் இல்லை; அதற்கடுத்த வருஷம் பள்ளியிலேயே இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த பால்புதுமையர் பற்றி 2010களின் இறுதியில் யுனெஸ்கோ ஓர் ஆய்வு நடத்தியது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். அதை நிர்வாகத்திடம் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். மூன்றில் ஒருவர் படிப்பை விட்டதற்கு இந்தத் துன்புறுத்தலே முக்கியக் காரணம்.

நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன். 2015இல் ரிசர்வ் வங்கி சொன்னதன்பேரில் விண்ணப்பங்களில் மூன்றாம் பாலினத்துக்கும் இடம் வந்தது. உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க வருகிற நம் பிள்ளைகளில், அந்தக் கட்டத்தில் குறி போட்ட ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளே இல்லையென்றா அர்த்தம்? ஒன்று, பள்ளியைவிட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால், வாயை மூடிக்கொண்டு 'ஆண்' என்று குறித்திருக்க வேண்டும்.

தலித் திருநங்கையான தோழர் கிரேஸ் பானு தன் பள்ளி நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்த பிறகுதான் வரவேண்டும், அவர்கள் கிளம்பும் முன்பே கிளம்பிவிட வேண்டும். இதற்குத் தீண்டாமை என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? சேரியில் பிறந்த திருநங்கைக்கு ஒரே முதுகில் இரண்டு அடி. எது சாதி அடி, எது பாலின அடி என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் அடி வாங்காதவர்கள்.

அரசு என்ன செய்கிறது? பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தது. நல்லது. ஆனால் 2021இல், திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அது இணையத்திலிருந்து மறைந்தது. இங்கேயும் பூட்டுதான்.

சரி, நம் மேடைகள்? கூத்தில் விடிய விடிய துரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண். அவர் அழுதால் ஊரே அழுகிறது. விடிந்து வேஷம் கலைந்ததும் அதே நளினத்தை நம் பையன்களே கேலி செய்கிறார்கள். 'பறையன்' என்று ஒருவன் வைதால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடப் போகும் தோழர், அன்று சாயங்காலம் டீக்கடையில் 'ஒம்போது' என்று சொல்லிச் சிரித்தால், அந்த விடுதலை யாருடைய விடுதலை?

ஏப்ரல் 14 அண்ணல் பிறந்த நாள். ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். மூன்றாம் பாலினத்தை உச்சநீதிமன்றம் ஏற்றதும் 2014இல் அதே ஏப்ரல் 15இல்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு இரவு. அந்த இரவில் நம் தெருக்களில் மேடை போட்டு, பறை கொட்டி, பிள்ளைகளை ஆடவைக்கிறோம்.

அந்த மேடையிலிருந்து தொடங்குங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், எந்தப் பிள்ளை எந்தப் பாட்டுக்கு, எந்த உடுப்பில், யாரோடு ஆடக் கேட்டாலும் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். கீழேயிருந்து ஊளையிடுகிறவன் நம் அமைப்புக்காரனாக இருந்தாலும் மைக்கில் பெயர் சொல்லி நிறுத்துங்கள். கல்லூரித் தோழர்கள், நீங்கள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். அந்தப் பையன் ஆடி முடிக்கும்போது முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும்.

கோயில் பூட்டை உடைக்கக் கேட்கிற நம் கையில், இன்னொருவர் ஆட்டத்தைப் பூட்டும் சாவி இருக்கக்கூடாது.