‘தேவைப்பட்டால்’ என்று ஒரு சொல்

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை ஒரு படிவத்தை நீட்டினார்கள். மலாயில் இருந்தது. வலப்பக்கத் தைராய்டை மட்டும் அகற்றுவது என்பது முதல் வரி. அதற்குக் கீழே ‘ஜிக்கா பெர்லு’ என்று தொடங்கும் இன்னொரு வரி. தேவைப்பட்டால், முழுச் சுரப்பியையும் கழுத்தின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றுவது.

நான் கணக்காய்வு வேலை செய்கிறவள். ஒப்பந்தத்தில் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். தேவை என்பது எப்போது தெரியும்? எதை வைத்து? முடிவு செய்வது யார்? இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த ஒப்பந்தத்திலோ, முடிவெடுக்கும் நேரத்தில் நான் மயக்கத்தில் இருப்பேன்.

அதனால் கேட்டேன். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார். அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்த வாரக் கட்டுரை.

எனக்கு வயது 36. நிறுவனத்தின் ஆண்டுப் பரிசோதனையில் கழுத்தில் 2 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் ‘பாப்பில்லரி’ வகைத் தைராய்டு புற்றுநோய். தைராய்டு புற்றுநோயில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மெதுவாக வளரும். ஆனால் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குள் சீக்கிரமே நுழைந்துவிடும் குணம் இதற்கு உண்டு.

நிணநீர் முடிச்சு என்றதும் பயப்பட வேண்டாம். தொண்டை வலி வந்தால் பாட்டி கழுத்தைத் தடவிப் பார்த்து, “நெறி கட்டியிருக்கு” என்பாரே, அந்த நெறிதான். உடலின் காவல் சாவடி மாதிரி. கிருமி வந்தாலும் வீங்கும். புற்று அணுக்கள் கசிந்து வந்தாலும் அங்கேதான் முதலில் மாட்டும்.

“பரவியிருக்கிறதா என்று முன்கூட்டியே ஸ்கேனில் தெரியாதா?” என்று கேட்டேன். பாதிதான் தெரியுமாம். கழுத்தின் இரு பக்கங்களிலும் உள்ள முடிச்சுகளை அல்ட்ராசவுண்ட் நன்றாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் ஊசியால் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் இருக்கிறதா என்றும் சோதிக்கலாம். அது தைராய்டு அணுக்கள் மட்டுமே சுரக்கும் புரதம். பக்கத்து முடிச்சில் அது நிறைய இருந்தால், தைராய்டிலிருந்து யாரோ அங்கே குடிபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் தைராய்டுக்குக் கீழும் பின்னும், மூச்சுக்குழலை ஒட்டிக் கிடக்கும் நடுப்பகுதி முடிச்சுகளைச் சுரப்பியும் மூச்சுக்குழலில் உள்ள காற்றும் மறைத்துவிடும். என் ஸ்கேனில் பக்கங்கள் சுத்தம். நடுப்பகுதியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

“அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்களேன்!” இதைச் சொன்னவர் என் கணவர். நம் வீடுகளில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள். புற்றுநோய் என்றால் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

மருத்துவர் அந்தப் படத்தில் நான்கு புள்ளிகள் வைத்தார். அவை பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. உடலின் கால்சியத்தைக் கட்டுப்படுத்துபவை. பார்க்கக் கொழுப்புத் துணுக்கு போலவும், சின்ன நிணநீர் முடிச்சு போலவும் இருக்கும். நடுப்பகுதியைத் துடைத்து எடுக்கும்போது அவற்றின் ரத்த ஓட்டம் கெடலாம். சில நேரம் முடிச்சுகளோடு அவையும் போய்விடலாம். போனால் வாழ்நாள் முழுதும் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும்தான். அதே இடத்தில்தான் குரல் நாண்களை அசைக்கும் நரம்பும் ஓடுகிறது. எனவே தேவையில்லாமல் எடுப்பதும் ஒரு தவறு. தேவையிருந்தும் விட்டுவைப்பது இன்னொரு தவறு. விட்டதை எடுக்க இரண்டாம் முறை அதே இடத்தைத் திறந்தால், தழும்புக்குள் நரம்பைத் தேடுவது இன்னும் கடினம்.

சரி, கழுத்தைத் திறந்த பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்? கண்ணும் விரலும் முதல் கருவிகள். ஆனால் அவற்றை முழுதாக நம்ப முடியாது. வெறும் அழற்சியால் வீங்கிய முடிச்சு பெரிதாக இருக்கும். புற்று ஒளிந்திருக்கும் முடிச்சு கடுகு போலச் சாதாரணமாகக் கிடக்கும். அதனால் சந்தேகப்படும் முடிச்சை எடுத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, வெட்டிப் பார்க்கச் சில நாள் ஆகும். இங்கே அதைச் சட்டென்று உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 20 நிமிடத்தில் பதில் வரும். 1905-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயிஸ் வில்சன் என்ற நோயியல் நிபுணர் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறையின் தொடர்ச்சி இது. நூறு ஆண்டு தாண்டியும் அறுவை அறைகள் இதை நம்பியிருக்கின்றன.

இதற்கும் எல்லை உண்டு. உறையும்போது திசுவுக்குள் பனித்துகள்கள் உருவாகி அணுக்களின் வடிவம் கெடும். சீவிப் பார்ப்பதும் ஓரிரண்டு துண்டுகள்தான். அந்தத் துண்டுக்கு வெளியே இருக்கும் சிறு புற்று தப்பிவிடும். ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருள், ‘பார்த்த இடத்தில் இல்லை’ என்பது மட்டுமே.

இதற்குத் துணையாக வேறு வழிகளும் வந்துள்ளன. சீனாவில் கார்பன் நுண்துகள் கலந்த கறுப்புத் திரவத்தைத் தைராய்டுக்குள் செலுத்துகிறார்கள். நிணநீர் முடிச்சுகள் கறுக்கும், பாராதைராய்டு கறுக்காது. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சினால் பாராதைராய்டு தானாகவே ஒளிர்வதைக் காட்டும் கருவிகளுக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதை எடுப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது.

மறுநாள் என்னை உள்ளே கொண்டுபோனார்கள். 2 மணி நேரம் என்று சொல்லியிருந்தது ஏறக்குறைய 4 மணி நேரம் ஆனது. வெளியே அம்மா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என் கணவர், “அத்தை, ஆய்வுக்கூடத்துப் பதிலுக்குக் காத்திருப்பார்கள், நேரமானால் பயப்படக் கூடாது என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்” என்று மூன்று முறை சொன்னாராம். மூன்றாவது முறை அது தனக்கே சொல்லிக்கொண்டது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

கண் விழித்ததும் நான் கேட்டது, “பாதியா, முழுசா?” குரல் காற்றாகத்தான் வந்தது.

முழுசு. மூன்று முடிச்சுகளை அனுப்பினார்கள். ஒன்றில் புற்று இருந்தது. எனவே மீதிச் சுரப்பியும் நடுப்பகுதி முடிச்சுகளும் எடுக்கப்பட்டன. இரண்டாம் நாள் இரவு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. கால்சியம் குறைந்ததன் அறிகுறி. முன்பே சொல்லியிருந்ததால் உடனே தாதியை அழைத்தேன். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். பிறகு அந்த அரிசி மணிகள் விழித்துக்கொண்டன.

பத்து நாள் கழித்து முழு அறிக்கை வந்தது. எடுத்த 9 முடிச்சுகளில் 3-ல் புற்று. அன்று ‘இல்லை’ என்று பதில் வந்த ஒரு முடிச்சும் அந்த மூன்றில் ஒன்று.

அம்மா கேட்ட முதல் வார்த்தை, “ஐயோ, பரவிடுச்சா?” அம்மாவுக்குப் பரவல் என்றால் முடிவு. ஆனால் இந்த நோயின் அகராதி வேறு. பாப்பில்லரி வகையில் 20 முதல் 50 விழுக்காட்டினருக்குத் தொடக்கத்திலேயே கழுத்து முடிச்சுகளில் புற்று இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள அனைத்துலக வகைப்பாட்டின்படி, 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நுரையீரல், எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் போகாதவரை, கழுத்து முடிச்சில் இருந்தாலும் அது முதல் கட்டம்தான். கழுத்தில் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பை முடிச்சுகள் கூட்டும். அதனால்தான் ஒரு முறை கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டேன். மகளைச் சில நாள் அணைக்காமல் இருந்ததுதான் அதில் எனக்குப் பெரிய கஷ்டம். இனி தினமும் காலையில் ஒரு மாத்திரை, குறித்த காலத்தில் ரத்தமும் ஸ்கேனும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்தப் படிவம் நீட்டப்பட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். கழுத்தின் இரு பக்க முடிச்சுகளையும் ஸ்கேனில் பார்த்தாயிற்றா? அறுவையின்போது முடிச்சைச் சோதிக்கும் வசதி அன்று இருக்குமா? ‘இருக்கிறது’ என்று வந்தால் எதுவரை எடுப்பீர்கள்? பிறகு வரும் அறிக்கை மாறினால் அடுத்தது என்ன? இவற்றைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. மயக்கத்தில் இருக்கும்போது எடுக்கப்படும் முடிவில், விழித்திருக்கும்போதே நாம் கலந்துகொள்ளும் வழி அதுதான்.

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல். அம்மா அவள் கழுத்தைத் தடவி, “நெறி கட்டியிருக்கு” என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று என்னைப் பார்த்தார். சளியோடு வந்த நெறி சளியோடு போகும், இரண்டு மூன்று வாரம் கழித்தும் இருந்தால் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். அம்மா நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைத்தார்.

நேற்று தடவிப் பார்த்தார். இல்லை.