மிளகு விலையும் பிறப்பிடச் சான்றும்

கொல்லிமலையிலோ, கீழ்ப்பழநி மலையிலோ, கூடலூரிலோ சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் விவசாயியா நீங்கள்? காய வைத்த மிளகை வியாபாரியிடம் கொண்டு போனதும், 'வெளிநாட்டுச் சரக்கு இறங்கிவிட்டது, இன்றைக்கு இவ்வளவுதான்' என்ற பதிலை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அந்தச் சரக்கு எந்தச் சட்டத்தின்கீழ் உள்ளே வருகிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதும் இன்று சாகுபடியில் ஒரு பகுதிதான்.

மிளகுக்கு இந்தியாவின் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மிளகைச் சிறப்புப் பொருளாக வைத்து, வரியைப் படிப்படியாக 50 சதவீதமாகக் குறைத்தார்கள். வியட்நாம் மிளகு வருவது இந்த வழியில். இலங்கைக்கு வழி வேறு. 2000-ல் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசிய ஒப்பந்தமான சாப்டாவின்கீழ் 8 சதவீதம்தான்.

ஒரு கிலோ 500 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வியட்நாம் மிளகாக வந்தால் வரியோடு 750 ரூபாய். அதுவே இலங்கை மிளகாக வந்தால் 540 ரூபாய். கிலோவுக்கு 210 ரூபாய் வித்தியாசம். இதனால்தான் வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கைப் பெயரில் வருகிறது என்ற புகார் எழுந்தது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. சலுகை வரி வேண்டுமானால், சரக்கு அந்த நாட்டில் விளைந்தது என்பதற்குப் பிறப்பிடச் சான்று வேண்டும். வேறு நாட்டு மிளகைச் சலித்து, மூட்டை மாற்றினால் அது இலங்கை மிளகு ஆகிவிடாது. பொய்ச் சான்றால் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல. காரம் மிகுந்த நல்ல மிளகு விளைவிக்கும் மாத்தளை, கண்டிப் பகுதிச் சிறு விவசாயிகளின் பெயரும் கெடுகிறது. மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதை 2019 இறுதியில் இலங்கை அரசே தடை செய்தது.

நம் அரசு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. உள்ளூர் விலை அதைத் தாண்டி நிற்கும் காலத்தில் இந்த வேலி உயரம் போதாது. 2020 செப்டம்பரில் வந்த சுங்க விதிகளே இதைவிட உறுதியான வேலி. சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. இவற்றைத் துறைமுகத்தில் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். வரியில்லா 2,500 டன்னும் நம் அறுவடை மாதங்களில் மொத்தமாக வந்து குவியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய 2023-ல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இத்தகைய பேச்சுகளின்போது தொழில் துறையினரின் மனுக்கள் தவறாமல் டெல்லிக்குப் போய்ச் சேருகின்றன. மலை விவசாயியின் மனுவும் போக வேண்டும். உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு தீர்மானம் போட்டு, மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கும் நறுமணப் பொருள் வாரியத்துக்கும் அனுப்பலாம். விரிவாக்கப் பணியாளர்கள் வாடல் நோய் பற்றிப் பேசும் கூட்டத்திலேயே இந்த வரிக் கணக்கையும் பத்து நிமிடம் விளக்கலாம்.

ஒப்பந்தங்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் விலை ஏறாது. மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, சுத்தமான விரிப்பில் நன்றாகக் காய வைத்து, லிட்டர் எடை பார்த்துத் தரம் பிரித்து விற்பது உங்கள் கையில் இருக்கிறது. எல்லையில் சட்டத்தைக் காப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.