தேதியை ஏற்றுவதா, வேலையை ஏற்றுவதா?

இலையூர், வாரியங்காவல் பட்டுத் தறிகளுக்கும், பெரம்பலூர் வட்டாரத்துப் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயக் கொல்லைகளுக்கும் வேலைத் திட்டம் வகுப்பது நமக்குப் புதிதன்று. முன்பு பேரேட்டில் எழுதியதை இன்று எக்செல் அட்டவணையில் எழுதுகிறோம். அதனை அப்படியே மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் போன்ற திட்ட மென்பொருளில் ஏற்றிவிடலாமே என்னும் யோசனையை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு.

எக்செல்லில் தேதி என்பது கட்டத்தில் எழுதிய ஒரு குறிப்பே. தொடக்கத் தேதியை மென்பொருளில் ஏற்றினாலோ, ‘இதற்கு முன் தொடங்கலாகாது’ என்ற நிபந்தனையாக அது மாறிவிடுகிறது. பட்டு நூல் பத்து நாள் முன்னதாக வந்தாலும் நெசவு முன்னே நகராது. எதன்பின் எது என்ற தொடர்பை ஏற்றாமல் விட்டால், நூல் பத்து நாள் பிந்திய பிறகும் பாவும் நெசவும் பழைய தேதியிலேயே நிற்கும். தீபாவளிச் சரக்கு தாமதிக்கும்போது திரையில் தெரிவது நெசவாளியின் தாமதமே. நூலைத் தாமதித்தவர் பெயர் அங்கே இராது. இதுவே நம் கவலை.

ஆகவே தேதிகளை ஏற்ற வேண்டாம் என்பது நம் கட்சி. வேலையின் பெயர், அதற்காகும் நாட்கள், அதற்கு முந்தைய வேலை ஆகிய மூன்று பத்திகள் போதும். திட்டம் தொடங்கும் நாளைக் கொடுத்தால் ஏனைய தேதிகளை மென்பொருளே கணக்கிடும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியார் தம் தொழிற்சாலைகளுக்காக வகுத்த கணக்கும் இந்த முன்பின் உறவையே ஆதாரமாகக் கொண்டது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘முந்தைய வேலை’ பத்தியில் எழுதுவது வரிசை எண். அதை எழுதிய பிறகு இடையில் ஒரு வரியைச் செருகினால், எண் வேறொரு வேலையைச் சுட்டும். சாயமிடுமுன் நெசவு என்றுகூட வந்து நிற்கும்! சிரிப்புக்கிடமான பிழைதான். வீணாக வரவழைக்கப்பட்டுக் கூலியின்றித் திரும்புகிறவர் சிரிக்கமாட்டார்.

நாட்காட்டியின் கதை வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனி ஞாயிறு ஓய்வு; மென்பொருள் தானாக அறிந்தது இவ்வளவே. ஐப்பசி மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது என்பதை அது அறியாது. குழித்தறியில் ஈரம் ஏறுவதும், அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கமும், மானாவாரி விதைப்பு வானத்தைப் பார்த்தே நடப்பதும் அதற்குத் தெரியா. இவை அட்டவணையின் எந்தப் பத்தியிலும் இல்லை. கையால்தான் பதிய வேண்டும். பதிவதற்கு உரிய விவரத்தைச் சொல்லக்கூடியவரும் கணினி எழுத்தர் அல்லர்.

ஆடியில் தீபாவளி உற்பத்தித் திட்டம் தயாராகும்போது, அட்டவணையை ஏற்றுமுன் தறிக்காரர் கூடியிருக்க அதனை வாய்விட்டு வாசிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். விதைப்புத் திட்டத்தை விவசாயிகள் முன் வாசிக்கட்டும். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒரு மாலைப்பொழுது செலவாகும்.