கண்ணை நல்லாத் திறங்க சார்!

ஆதாருக்குப் போட்டோ எடுக்கப் போனப்ப அந்தப் பையன் மூணு தடவை சொன்னான், "கண்ணை நல்லாத் திறங்க சார்". நாலாவது தடவை நான் சொன்னேன், "தம்பி, இவ்ளோதான் திறக்கும்". அவன் ஒரு நிமிஷம் என்னை உத்துப் பாத்துட்டு "சாரி சார்" என்றான். பாவம், அவன் என்ன பண்ணுவான்? பிறந்ததிலேருந்து எல்லாரும் என்கிட்ட சொல்றதைத்தான் அவனும் சொன்னான். :-)

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சின்னு பேரு. அதுகூடப் பரவாயில்லை. மேல் இமை பாதிக் கண்ணை மறைப்பதால், எதிரே நிற்பவரைப் பார்க்க நான் மோவாயைத் தூக்கியாகணும். கணக்கு வாத்தியாருக்கு அது திமிராத் தெரிஞ்சுது. "என்னடா நிமிந்து பாக்குற?"ன்னு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

வீட்டில் இதை யாரும் குறைன்னு சொன்னதே இல்லை. தாத்தாவுக்கு இதே கண்ணு. அப்பாவுக்கும் இதே கண்ணு. "நம்ம குடும்பத்து ஜாடைப்பா" என்பார்கள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

என் பொண்ணு பிறந்தப்பதான் அந்தப் பெருமை என்ன லட்சணம்னு எனக்குப் புரிஞ்சுது.

2020 ஏப்ரல். ஊரடங்கு நேரம். குழந்தைக்கு அப்படியே என் கண். சின்னக் கீறல் மாதிரி ரெண்டு கண், தொங்குற இமை. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த மூணாம் நாள், அம்மா என் மனைவியிடம் கேட்டாங்க: "ஏம்மா, கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய வந்தியா?"

2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணம். எங்க திண்டுக்கல்லில் நல்லாவே தெரிஞ்சுது, நெருப்பு வளையம். மனைவிக்கு அப்ப அஞ்சாவது மாசம். அவள் வீட்டுக்குள்ளதான் இருந்தாள். ஆனா அம்மா கேட்டதும், "கொடியில துணி எடுக்கப் போனேனோ?"ன்னு அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு. ராத்திரியெல்லாம் அழுதாள்.

நான் அங்கேதான் நின்னுகிட்டிருந்தேன், இதே கண்ணை வச்சுகிட்டு. ஒரு வார்த்தை சொல்லலை. இந்தப் பதிவை எழுத முதல் காரணம் அதுதான்.

அப்புறம் கண் டாக்டரிடம் போனோம். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னாடி அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். சிரிச்சுகிட்டே, "பேர் சொல்லட்டுமா?" என்றார். பிளெஃபரோஃபைமோசிஸ். சுருக்கமா பி.பி.ஈ.எஸ். இத்தனை வருஷம் கழிச்சு என் கண்ணுக்கு ஒரு பேர் கிடைச்சுது.

நான் புரிஞ்சுகிட்டதைச் சொல்றேன். இதில் நாலு விஷயம் சேர்ந்து வரும். ஒண்ணு, கண் திறப்பின் அகலம் குறைவு. பெரியவங்களுக்குச் சாதாரணமா 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கணும், எங்களுக்கு 20, 22 தான். ரெண்டு, இமையைத் தூக்குற தசைக்குப் பலம் கிடையாது. மூணு, மூக்கோரத்தில் கீழ் இமையிலேருந்து மேலே ஏறுகிற ஒரு தோல் மடிப்பு. நாலு, ரெண்டு கண்ணின் உள் ஓரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம்.

காரணம், மூணாவது குரோமோசோமில் இருக்கிற ஃபாக்ஸ் எல்2 என்ற ஒரு ஜீன். 2001-இல் கண்டுபிடிச்சிருக்காங்க. ரெண்டு பிரதியில் ஒண்ணு பழுதானாலே போதும். அதனால் எனக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பூவா தலையா மாதிரி. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதுசாவும் சிலருக்கு வரலாம். "சொந்தத்துல கட்டினீங்களா?"ன்னு கேட்காத ஆள் இல்லை. நாங்க சொந்தமும் இல்லை, இதுக்கும் சொந்தத்தில் கட்டுறதுக்கும் சம்பந்தமும் இல்லை. கிரகணம், கறிவேப்பிலை, கண்ணேறு எதுக்குமே சம்பந்தமில்லை. என்கிட்டேருந்து வந்தது, அவ்வளவுதான்.

இதோட முடிஞ்சிருந்தா இதை எழுதியே இருக்க மாட்டேன். டாக்டர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "உங்க குடும்பத்தில் இதே கண் உள்ள பெண்கள் யாராவது இருக்காங்களா? அவங்களுக்குக் குழந்தைகள் உண்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பெரியத்தை!

அப்பாவோட அக்கா. அதே கண். பத்தொன்பது வயசில் கல்யாணம். குழந்தை இல்லை. ஒன்பது வருஷம் பொறுத்துப் பாத்துட்டு மாமா இன்னொரு பொண்ணைக் கட்டிகிட்டார். அத்தை பொறந்த வீட்டுக்கு வந்துட்டாங்க. என் தங்கச்சி வளைகாப்பன்னிக்கு அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லலை.

இந்தக் குறையில் ரெண்டு வகை உண்டு என்று 1983-லேயே பிரிச்சிருக்காங்க. ரெண்டாம் வகையில் இமையோடு சரி. முதல் வகையில், பெண்களுக்குச் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிடும். மாதவிடாய் இளவயதிலேயே நின்னுபோகலாம், குழந்தை பிறக்கிறது கஷ்டம். ஏன்னா அந்த ஜீனுக்கு இமையில் மட்டுமில்லை, சினைப்பையிலும் வேலை இருக்கு. ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவங்க பாட்டுக்குப் பெத்துப்பாங்க, பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டும் போவாங்க.

நான் கேட்க முடியாதுன்னு மனைவிதான் அத்தையிடம் கேட்டாள். "இருவத்தேழு வயசுலயே நின்னுபோச்சும்மா. யார்கிட்டன்னு சொல்றது?" என்றார்களாம். அத்தைக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கலை. ஆனா டாக்டர் "அதுவாத்தான் இருக்கணும்" என்றார். அதை அத்தையிடம் சொன்னோம். ரொம்ப நேரம் கழிச்சு, "அப்ப இது எங்கப்பா குடுத்ததா?" என்று மட்டும் கேட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. தாத்தாவுக்கு வந்தா ஜாடை. அப்பாவுக்கு வந்தா ஜாடை. அத்தைக்கு வந்தா ராசியில்லாதவள். என் பொண்ணுக்கு வந்தா அவ அம்மா மேல தப்பு. எல்லாம் ஒரே ஜீன்! பழுதைக் கொண்டுவந்து கொடுத்த ஆம்பளைங்க நாங்க திண்ணையில் உக்காந்து பெருமை பேசிகிட்டிருந்தோம்.

பொண்ணுக்கு 2024-இல் கண்ணின் உள் ஓரத்தைச் சரிசெய்தாங்க. 2025-இல் இமையை நெற்றித் தசையோடு இணைச்சுத் தூக்கிவிட்டாங்க, புருவத்தை ஏத்தினா இமையும் ஏறும். இப்படி ரெண்டு கட்டமா, பெரும்பாலும் மூணு வயசுக்கு மேலதான் செய்றாங்க. இமை பாப்பாவையே மறைச்சா அதுவரை காத்திருக்க மாட்டாங்க. ஏன்னா சின்ன வயசில் வெளிச்சம் போகாத கண்ணைப் பார்க்கக் கத்துக்காமலே மூளை விட்டுடும். அப்புறம் இமையைத் தூக்கியும் முழுப் பலன் இருக்காது. அதனால "வளர வளர சரியாயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் வருஷத்திலேயே காட்டுங்க. அழகுக்காக இல்லை, பார்வைக்காக.

ஆபரேஷனுக்கு அப்புறம் தூங்கும்போது இமை முழுசா மூடாது. தூங்குமூஞ்சி வம்சத்தில் ஒருத்தி இப்ப கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறா. :-) ராத்திரி மருந்து போட்டுவிடுறது யார் தெரியுமா? கிரகணம் கேட்ட அதே அம்மாதான்.

ஆனா அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கு. "சினைப்பை விஷயத்தை வெளிய விடாத. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகணுமா வேணாமா?" என்கிறார்கள். பயம் புரியுது. ஊர் அப்படித்தான். அதனால்தான் இங்கே பேர், ஊர்ப் பள்ளிக்கூடம் எதுவும் எழுதலை. ஆனா பொண்ணுகிட்டேயே மறைக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அவளுக்கு எந்த வகைன்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாதாம். ஜீன் பரிசோதனைகூட ஓரளவுக்குத்தான் கோடு காட்டும். வயசுக்கு வரும் பருவத்திலேருந்து ஹார்மோனைக் கவனிச்சுகிட்டே வரணும். முன்கூட்டியே தெரிஞ்சா எலும்பு தேயாம பாத்துக்கலாம், குழந்தை வேணும்னா என்ன வழின்னு நேரத்தோட டாக்டரைக் கேக்கலாம். தெரியாம இருந்தா என்ன ஆகும்? அத்தைக்கு என்ன ஆச்சோ அதுதான்.

புரியுற வயசு வந்ததும் நானே உக்கார வச்சுச் சொல்லப் போறேன். பக்கத்தில் அத்தையும் இருக்கணும்னு ஆசை.

பி.கு: வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை மோவாயைத் தூக்கி உங்களைப் பார்த்தா, அது திமிரா இருக்கணும்னு அவசியமில்லை. அடிக்காதீங்க. முன் பெஞ்சில் உக்கார வைங்க, பெத்தவங்களைக் கூப்பிட்டுக் கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்க.